சந்தனப் பொட்டும் சின்ன பேட்டரியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே நானும் ஒரு அக்காவும் சேர்ந்து மனு டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறோம். நான் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவருக்கு இதே ஊர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் பொறுத்துப் போகிறவர் என்பதால்தான் எட்டு வருடமாகக் கடை ஓடுகிறது.

ஒரு ஆயுத பூஜைக்கு அக்கா மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையால் தண்ணீர் தெளித்தார். நான்கு நாள் விடுமுறை முடிந்து கடையைத் திறந்தால், கம்ப்யூட்டர் எழவில்லை; பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி. மனு மாதிரிகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

"தண்ணியத் தெளிச்சுக் கெடுத்துட்டீகளேக்கா. எதுல எதைச் செய்யணும்னு ஒரு வெவரம் வேண்டாமா?"

வாசலில் நின்ற கட்சிக்காரர்கள் முன்னாலேயே கத்தினேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் ரிப்பேர்காரர் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே துளி ஈரம் இல்லை.

"மெயினை யாரு ஆஃப் பண்ணுனது மேடம்?"

நான்தான். இடி மழைக் காலமாயிற்றே என்று அணைத்துவிட்டுப் போயிருந்தேன்.

காசு அளவில் ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டினார். "இது செத்துக் கெடக்கு. கரண்டும் இல்லன்னா, நாம வச்ச செட்டிங்கை போர்டு மறந்துரும். உங்க டிஸ்க் பழசு, போர்டு புதுசு. பழைய மாதிரி டிஸ்க், புது மாதிரி டிஸ்க் ரெண்டையும் தேடுன்னு போர்டு மாத்துனப்ப நான் வச்சிருந்தேன். இப்பம் புதுசை மட்டும் தேடுது. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல."

கம்பெனிக்குக் கம்பெனி வேற பட்டன் வைத்திருக்கிறான் என்று முனகியபடி எஃப் டூ, டெலீட் என்று தட்டிப் பார்த்து, செட்டிங் பக்கத்துக்குள் போய் மாற்றினார். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். "மெயினை அமத்துனது நாந்தான்க்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிருங்க."

"சரி, காப்பி குடி," என்றார். மறுநாள் கடைக்கு வந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மேசை, நாற்காலி, கதவு, காலண்டர் மாட்டிய ஆணி வரைக்கும் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டார்.

"இதை விட்டுட்டீகளேக்கா."

சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "அதுக்கு நீயே வச்சிரும்மா."