இருநூறு கையொப்பங்கள்

போன சனிக்கிழமை குடை தேடி லண்டன் ரெய்னர்ஸ் லேனில், தானமாக வந்த பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டிக் கடைக்குள் நுழைந்தேன். பழைய புத்தகத் தட்டிலிருந்து ஒரு தடித்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. சட்டென்று தொங்கிய உடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அது ஒரு பிரிட்டிஷ் அமைச்சரின் சுயசரிதை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

2009இல் நடுலண்டனில், ஒரு புத்தகக் கம்பனியின் கடையில் வேலை செய்தேன். பெரிய மனிதர்களை அழைத்துவந்து புத்தகத்தில் கையொப்பம் போடவைப்பது அந்தக் கம்பனியின் வழக்கம். என் விசா நீடிப்பு விண்ணப்பம் அப்போது உள்துறையில் கிடந்தது; வேலை போனால் விசாவும் போகும். அமைச்சர் வருகிறார் என்றதுமே, என் விசாக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வருவார் என்று மனதார நம்பினேன்.

பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டுவது என் வேலை. வந்தவர்களுக்குப் போட்டு முடிந்ததும் கடைக்கென்று முப்பது பிரதிகள், அதோடு நிறுத்து என்று மேலாளர் லிண்டா சொல்லியிருந்தார். முப்பது முடிந்தது. அமைச்சர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அரசாங்கத்திடம் போய்ப் போதும் என்று எப்படிச் சொல்வது? நீட்டினேன். நீட்டிக்கொண்டேயிருந்தேன்.

பெட்டி சுமந்துவந்த யோகன் அண்ணை காதைக் கடித்தார். "டேய், உனக்கு விசரே? விக்காததைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம். சைன் வைச்சதை அனுப்பேலாது!"

"அப்ப காணும் எண்டு நீங்களே சொல்லுங்கோவன், அண்ணை."

"நான் ஏன்? நீ அப்பிடியே உன்ர பாஸ்போட்டையும் நீட்டு."

கடையிலிருந்த இருநூறு பிரதிகளும் முடிந்தன. லிண்டா குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தாலாவது இரவில் தூங்கியிருப்பேன். தினமும் காலையில் வந்து குவியல் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். குறைய வேண்டுமே! அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நானே வாங்கினேன். எங்கள் சனம் வாழும் வெம்பிளியில் பிறந்தநாளா, பூப்பெய்திய பிள்ளையின் சாமத்தியவீடா, என் பரிசு அமைச்சர்தான். ஒரு தாய் பொதியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த முறையும் அவரே?" என்று கேட்டார். குவியல் பாதியாவதற்குள் விசா வந்துவிட்டது.

அந்தக் கம்பனி இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் கோப்பியும் கேக்கும் விற்கிறார்கள். அமைச்சரை அவருடைய தொகுதி கைவிட்டது. யோகன் அண்ணை கனடாவில்.

சரிட்டிக் கடையில் அந்தப் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்துப் பிரித்தேன். அமைச்சரின் கையொப்பத்துக்குக் கீழே என் கையெழுத்து: "செல்லக்குட்டி துஷிக்கு, மாமா." எந்தப் பிறந்தநாளுக்கோ நான் கொடுத்த பரிசு. தெரிந்தவர் யாரும் நிற்கவில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குடையை மறந்து, அதை மறுபடியும் நானே வாங்கினேன். அனுப்பேலாது என்று அண்ணை சொன்ன புத்தகம் திரும்பி வந்துவிட்டது. வாங்கி வைக்கத்தான் எங்கள் புத்தகக் கடை இல்லை.