ஒதிலைக் கூப்பிட்ட ஊர்

ரெமி வாந்தாலை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. பாடகன் என்பதால் அல்ல. வெர்லோனில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். மீதிப் பாதி அவனிடம் கற்க ஆரம்பித்துப் பயந்துபோய் சைக்கிளுக்கே திரும்பியவர்கள்.

அவன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். வீட்டில் பாட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை பீர் உள்ளே போனபிறகு அவர் போடும் கூச்சல்தான். ரெமி கித்தார் பழகியது பட்டாளத்தில். திரும்பி வந்ததும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். சாயங்காலங்களில் என் கஃபேயில் பாடினான். எனக்கு அவன் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். எழுதிய பாட்டை முதலில் என்னிடம்தான் பாடிக்காட்டுவான். நான் கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்பேன். கழுவுவதை நிறுத்தினால் பாட்டு நன்றாக இருக்கிறது என்று அவனுக்கு அர்த்தம்.

பாட்டு எல்லாம் அவனுக்குக் காரில்தான் வரும். கற்றுக்கொள்பவர் ஓட்டிக்கொண்டிருக்க, இவன் பக்கத்தில் உட்கார்ந்து முன்பலகையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பான். தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒதில் அவனிடம் கற்க வந்தபோது அந்தத் தட்டலைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதித்தாள். ஒருநாள் மார்க்கெட் நடுவில் வண்டியை நிறுத்தியே விட்டாள்.

"முசியே, நீங்க தாளம் போடறீங்களா, பிரேக் போடச் சொல்றீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க."

"தாளம்தான், மதாம்."

"மதாம் இல்ல. இன்னும் கல்யாணமாகாத மத்மசேல்தான்."

இதை ரெமி என்னிடம் வந்து சொன்ன அழகைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் தேர்வில் மூன்று முறை தோற்றாள். வேண்டுமென்றே தோற்றாள் என்று ஊரே பேசியது. நான்காம் முறை தேறினாள். அந்தக் கோடையிலேயே கல்யாணம். எங்கள் கஃபேயில்தான் விருந்து. பொரித்த உருளைக்கிழங்கும் மட்டியும் தீர்ந்துபோய், கடைசியில் வந்தவர்களுக்கு ரொட்டியும் சீஸும் கொடுத்துச் சமாளித்தேன்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு பாரீஸிலிருந்து ஒருவர் வந்து ரெமியின் பாட்டைக் கேட்டார். குரல் இருக்கிறது, வந்தால் இசைத்தட்டுப் போடலாம் என்றார். ரெமி ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று, பிறகு இன்னொன்று. நிலவறை மதுக்கடைகளில் யாரோ ஒரு பெரிய பாடகர் வரும்வரை பாடவேண்டியது, அவர் வந்ததும் மேடையிலிருந்து இறங்கிவிடவேண்டியது. இசைத்தட்டு வந்தது. நாங்கள் வாங்கினோம். வேறு யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒதில் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"சூப் அடுப்புல இருக்கு. நான் கிளம்பறேன். லீல் நகரத்துல வேலை கெடைச்சிருக்கு."

ரெமி அவள் கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தானாம். பிறகு உட்கார்ந்து சூப்பைக் குடித்தானாம். "வேற என்ன பண்றதுன்னு தெரியல, மர்சலின்" என்றான் என்னிடம். அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை, ஒரு காபி போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப்பின் அவன் பாரீஸுக்குப் போகவில்லை. பழைய வேலையே திரும்பக் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு பாட்டு எழுதினான். "போகாதே ஒதில், சூப் இன்னும் ஆறவில்லை, வெளியே மழை, உள்ளே இரண்டு கிண்ணம்." அவ்வளவுதான் பல்லவி. மெதுவாக, ஏறக்குறைய பேசுகிற மாதிரி பாடினான். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

கஃபேயில் பாடினான், மேஜைகளில் பேச்சு நின்றது. கால்பந்து கிளப்பின் ஆண்டு விருந்தில் பாடினான். கறிக்கடை கோந்த்ரான் மூக்கைச் சிந்தினான். இந்தக் கோந்த்ரான்தான் மைதானத்தில் மேளம் அடிப்பவன். பன்றி மாதிரி உடம்பு, அதற்கேற்ற தொண்டை.

மார்ச் மாதம், நல்ல மழை. வெளியூர் அணிக்கு எதிராக நாங்கள் மூன்று கோல் போட்டிருந்தோம். இன்னும் ஆட்டம் முடியவில்லை. அதற்குள் எதிர்ப்பக்கத்து ரசிகர்கள் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு பேருந்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். கோந்த்ரான் எழுந்து நின்று, மேளத்தில் ஒரு போடு போட்டு, அவர்கள் முதுகைப் பார்த்துக் கத்தினான்:

"போகாதே ஒதில்! சூப் இன்னும் ஆறலை!"

முதலில் சிரிப்பு. பிறகு அந்த வரிசை முழுக்க. பிறகு மைதானம் முழுக்க. போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கச் சத்தம் கூடியது.

நான் ரெமி பக்கத்தில் நின்றிருந்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ரெமி, வா, போயிடலாம்."

"இவ்வளவு வேகமாவா பாடறது, மர்சலின்? அது வால்ஸ். மெல்ல ஆடற பாட்டை இவனுங்க பட்டாள மார்ச் ஆக்கிட்டானுங்க. கடைசி அடில இருந்த ரெண்டு கிண்ணத்தையும் முழுங்கிட்டானுங்க பாரு!"

அந்தப் பருவம் முழுக்க, தோற்கிற எந்த அணியின் ரசிகன் எழுந்தாலும் இதே பாட்டு. அடுத்த ஊர் பிடித்துக்கொண்டது, அதற்கடுத்த ஊரும். வட்டார வானொலி போட்டது. பாரீஸ்காரர் ஃபோன் செய்து, தனக்கு முதலிலேயே தெரியும் என்றார். மறுபடி இசைத்தட்டு வந்தது. இந்தத் தடவை விற்றது. மேளத்தோடு விற்றது, அதுதான் ரெமிக்கு வருத்தம். அலுவலகத்தில் யாராவது சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பினால் பாடினார்கள். ஓய்வுபெறுகிறவரை வழியனுப்பப் பாடினார்கள். ஒரு சவ அடக்கத்தில்கூடப் பாடினார்களாம். அதை நான் பார்க்கவில்லை.

ஒதில் லீலில் பெரிய கடை ஒன்றில் கையுறை விற்றுக்கொண்டிருந்தாள். சட்டையில் பெயர் குத்தியிருக்கும். நினைத்துப் பாருங்கள்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் கஃபே கதவு படாரென்று திறந்தது. நனைந்த கோட்டோடு ஒதில். ரெமி மூலை மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையில் பிடித்த முட்கரண்டி அப்படியே நின்றது.

"கூட இருந்த நாலு வருஷமும் வாயைத் திறக்காத ஆளு, இப்ப நாடு பூரா வெச்சுக் கூப்பிடறியா?" என்றாள் வாசலிலிருந்தே.

"நான் கூப்பிடல, ஒதில். கோந்த்ரான்..."

"கோந்த்ரானா கட்டிக்கிட்டான் என்னை? டாய்லெட்டுக்குப் போகப் பாதிப் படத்துல எழுந்திரிச்சேன், பின் வரிசைல பாடறானுங்க. நான்தான் ஒதில்னுகூட அவனுங்களுக்குத் தெரியாது! கடைக்கு வர்ற பொம்பளைங்க கையுறையைப் போட்டுப் பாத்துட்டு, சூப் ஆறிடுச்சாம்மாங்கறாங்க!"

மேஜைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் முறைத்தேன்.

ஒதில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "அன்னைக்கு நீ இதைச் சொல்லவே இல்லையே, ரெமி. போகாதேன்னு ஒரு வார்த்தை. பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல அவ்வளவு நேரம் நின்னேனே, எதுக்குன்னு நெனைச்ச?"

ரெமி தட்டைப் பார்த்தான். "நீ பூட்ஸ் லேஸ் கட்டறியோன்னு நெனைச்சேன்."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கேயிருந்தும் காதில் விழுந்தது, அது வேறு விஷயம். ஒதில் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் கோபத்தில், பிறகு அடக்கமுடியாமல். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது அவன் தட்டிலிருந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டில் வரும் தன் பெயரை மாற்றவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். ரெமி ஒப்புக்கொண்டான். கிளப் விருந்தில் "போகாதே மொனிக்" என்று ஆரம்பித்தான். கூடம் முழுக்க "ஒதில்! ஒதில்!" என்று மேஜையைத் தட்டியது. மொனிக்கை முடிக்கவே விடவில்லை. பெயர் மாறியதா என்று சரிபார்க்க ஒதிலே வந்து பின்னால் நின்றிருந்தாள். கோந்த்ரான் அவளைப் பார்த்துவிட்டான். அடுத்த நிமிடம் அவள் மேடையில் இருந்தாள், கோட்டும் கைப்பையுமாக.

"சரி, பாடித் தொலைங்க," என்றாள் மைக்கில். "ஆனா மெதுவாப் பாடுங்க. அது வால்ஸ்."

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை அவன் எழுதியபடி எல்லோரும் பாடினார்கள். இரண்டு கிண்ணமும் சேர்த்து.

அவள் உடனே திரும்பி வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், ஆட்டம் பார்த்தாள், என் கஃபேயில் சாப்பிட்டாள், லீலுக்குப் போனாள். ஒரு வருஷத்துக்குமேல் அப்படி. பிறகு ஒரு ஞாயிறு போகவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

பாட்டு வாங்கிக்கொடுத்த பெயரில் ரெமி டிரைவிங் ஸ்கூலை விட்டான். இருபது வருஷத்துக்குமேல் இருவரும் ஒரு வேனில் ஊர் ஊராகப் போனார்கள்; நகராட்சிக் கூடங்கள், திருவிழாக்கள், கடலோரக் கூடாரங்கள். ஓட்டுவது எப்போதும் ஒதில். ரெமி ஓட்டினால் பாட்டு வந்து சிக்னலைப் பார்க்கமாட்டான் என்பாள். நூற்றுக்கணக்கில் பாட்டு எழுதினான். நல்லவை உண்டு; நான் கிளாஸைக் கீழே வைத்தவை பல. நாட்டுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

ஒருமுறை பாரீஸிலிருந்து வந்த பத்திரிகைக்காரப் பெண் இதையே கேட்டாள். "ஒரே ஒரு பாட்டால மட்டுமே ஊருக்குத் தெரியறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா, முசியே?"

"எங்கப்பா நாப்பது வருஷம் கரி வெட்டினாரும்மா," என்றான் ரெமி. "எந்தக் கரி யார் வீட்டுல எரிஞ்சுதுன்னு அவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு பாட்டு எங்க போச்சுன்னாவது தெரியுது."

"பெரிய தத்துவம்," என்றாள் ஒதில். "எழுதிக்காதீங்க. நேத்துப் பூரா உட்கார்ந்து இதைத் தயார் பண்ணினான்."

இப்போது இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தக்காளி போட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் நத்தைகள் பாதியைத் தின்றுவிட்டன. அதைப் பற்றி ரெமி ஒரு பாட்டு எழுதி, போன சனிக்கிழமை கஃபேயில் பாடினான். ஒதில் நடுவில் நிறுத்தி, மூன்றாவது அடியில் நத்தைக்கு அவன் கொடுத்திருக்கும் மரியாதை தனக்கே கிடைத்ததில்லை என்றாள். அவன் அந்த அடியை மறுபடி பாடினான், இன்னும் மரியாதையாக. கூட்டம் சிரித்தது. ஒதில் தன் பீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.