ஒரு சாண் இடப்பக்கம்

மகாராஷ்டிரத்தில் யவத்மாள் பக்கத்து அந்த ஊரில் பஞ்சபூலாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஆனாலும் அவள் வைத வசவில் முக்கால்வாசி புருஷன் சம்பத்துக்கே போய்ச் சேர்ந்தது. அவனுக்கு இடது கால் சூம்பல். குனிந்து விதை ஊன்றினால் உடம்பு அந்தப் பக்கம் சாயும். குழி வரிசையை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி விழும். காலுதான் கோணல்னு தெரிஞ்சு கட்டிக்கிட்டேன், கையுமா என்பாள். அவன் சிரிப்பான், மறுபடியும் கோணலாகவே ஊன்றுவான். என்ன செய்ய, அப்படி ஒரு மனுஷன்.

அவனை இந்த வருஷம் மழை தொடங்கிய மாதத்தில் பாம்பு கொண்டுபோயிற்று. கடையில் ரசீது போட்டு வாங்கிய கம்பெனிப் பருத்தி விதை, பஞ்சபூலா வரிசை பிடித்து ஊன்றியதில் பாதி முளைக்கவில்லை. முளைக்காத இடங்களில் மறுவிதை ஊன்றிக்கொண்டே போனவன், வயல் நடுவிலிருக்கும் புரச மரத்தடியில் விழுந்தான். தூக்கி வந்தபோது வலது கை முஷ்டி இறுகிக் கிடந்தது. விரலிடுக்கில் மிச்ச விதை தெரிந்தது. பிரித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. மூடிய முஷ்டியோடுதான் சிதையில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு புரச மரத்தைத் தாண்டி பஞ்சபூலா கால் வைக்கவில்லை. களை வெட்ட வந்த பெண்களும் மரத்தோடு திரும்பிவிட்டார்கள். அந்தப் பாதி நிலம் புல்லும் பூண்டுமாக மண்டிப் போயிற்று.

இந்தப் பாதியில் முளைத்த செடியாவது காய்த்ததா என்றால் அதுவும் இல்லை. பூவெல்லாம் உதிர்ந்தது. விதை கெட்டது, இழப்பீடு வேண்டும் என்று அவள் மனுக் கொடுத்தாள். அது வந்தால்தான் அடுத்த வருஷம் அந்த மண்ணில் விதை விழும். இல்லையென்றால் நிலம் கைமாறிப் போகும்.

தாலுகா வேளாண்மை அதிகாரி வந்தார், கூடவே கம்பெனி ஆளும் வந்தான். கம்பெனி ஆள் வரப்போரத்தில் ஒரு இலையைக் கிள்ளி, ஒரு குப்பியில் நசுக்கி, காகிதப் பட்டை ஒன்றை அதில் முக்கினான். பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி இது, சர்க்கார் அனுமதி இல்லாத திருட்டு விதை, எங்கள் விதையே இல்லை என்றான். இழப்பீடு கிடையாது, விதைத்தவள் மேல் போலீஸ் கேஸ் உண்டு என்றும் சொன்னான்.

பஞ்சபூலா அதிகாரியைப் பார்த்தாள்.

"சாஹேப், என் வயல் பூரா அந்தக் களைக்கொல்லிய அடிங்க. செத்துச்சுன்னா அது இவரு குடுத்த விதை. சாகலேன்னா நான் திருடி, ஜெயிலுக்கு வர்றேன்."

சொந்த வயலுக்கு விஷம் வைக்கச் சொல்கிறாளே என்று ஊரே வாயைப் பிளந்தது. அதிகாரி சம்மதித்தார். அவர் கண்முன்னே கூலியாட்கள் மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து அடித்து முடித்தார்கள். வாடினதும் வந்து பார்க்கிறோம் என்று போனார்கள்.

இலைகள் முதலில் தொங்கின, பிறகு மஞ்சளித்தன. மைனாக்கள் வருவது நின்றது. காற்றடித்தால் காய்ந்த இலை உரசும் சத்தம் வீடுவரை கேட்டது. யாரோ காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் சுற்றிப்போக ஆரம்பித்தார்கள்.

அதிகாரி திரும்பி வரவேண்டிய நாளன்று காலை அவள் வரப்பில் நின்று பார்த்தாள். செத்த வயலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. அவற்றில் ஒன்றுகூட வரிசையில் இல்லை. எல்லாமே ஒரு சாண் இடப்பக்கம்.

பக்கத்து வயல் வாமன்ராவும் பார்த்துவிட்டு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. சொட்டை விழுந்த இடம் வீணாகப் போகிறதே என்று அன்றைக்குச் சம்பத்துக்கு அந்தத் திருட்டு விதையில் ஒரு பிடி கொடுத்தது தான்தான் என்றார்.

"அண்ணி, நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். என் பேரு வந்தா நான் செத்தேன். அவங்க வர்றதுக்குள்ள புடுங்கிப் போட்ருவோம்."

பஞ்சபூலா முதல் செடியைப் பிடித்தாள். அதற்கு வலப்புறம், சரியாக வரிசையில், எதுவும் முளைக்காத ஒரு குழி இருந்தது. அடுத்த செடிக்குப் பக்கத்திலும் ஒரு வெறுங்குழி இருந்தது. அவள் பிடியை விட்டாள். பிடுங்க வேண்டாம் என்றாள்.

அதிகாரி வந்ததும் கம்பெனி ஆள் பச்சைச் செடிகளைக் காட்டிக் குதித்தான். அவள் நிதானமாகவே பேசினாள். செத்துக் கிடக்கிற அத்தனையும் கம்பெனி விதை. உயிரோடு நிற்பது ஒவ்வொன்றும் கம்பெனி விதை முளைக்காத குழியின் பக்கத்தில் நிற்கிறது. சந்தேகமிருந்தால் குனிந்து பாருங்கள் என்றாள். அதிகாரி குனிந்து பார்த்தார், நாலைந்து இடத்தில் அளந்தும் பார்த்தார்.

"மறுவிதை போட்டது யாரு?"

"என் வீட்டுக்காரரு."

"விதை எங்க வாங்கினாரு?"

"அத அவரைத்தான் சாஹேப் கேக்கணும்."

வாமன்ராவ் தலையைக் குனிந்துகொண்டார். செத்தவர் மேல் வழக்குப் போட முடியாது, கம்பெனி விதை முளைக்காததும் காய்க்காததும் உண்மை என்று அதிகாரி எழுதினார். கம்பெனி ஆள் முணுமுணுத்தபடியே கையெழுத்துப் போட்டான். எழுதி முடித்த அதிகாரி நிமிர்ந்து, புல் கருகிக் கிடந்த தூரத்துப் பாதியைக் கையால் காட்டினார்.

"மரத்துக்கு அந்தாண்ட நிக்கிறதும் அவரு போட்டதுதானா?"

அப்போதுதான் அவள் அங்கே பார்த்தாள். புரச மரத்தைத் தாண்டியும் பச்சைச் செடிகள் நின்றன, வயலின் கடைசி வரைக்கும். சம்பத்தோ மரத்தைத் தாண்டுமுன்பே விழுந்தவன்.

"எல்லாமே அவருதான்," என்றாள்.

ஜீப் போன பிறகு, அந்தப் பக்கம் நீங்கள் ஊன்றினீர்களா என்று வாமன்ராவைக் கேட்டாள். "சத்தியமா இல்ல அண்ணி," என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தார்.

வேறு யார் ஊன்றியிருப்பார்கள்? மிச்ச விதை சிதையோடு எரிந்ததை ஊரே பார்த்தது. பஞ்சபூலா மரத்தைத் தாண்டிக் கால் வைத்தாள். முதல் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுங்குழிக்கும் செடிக்கும் நடுவே கையை விரித்து வைத்தாள். சரியாக ஒரு சாண். அவளுக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"ஏன்யா, செத்தும் நேரா ஊன மாட்டியா நீ?" என்று வைதாள். அவன் போனதிலிருந்து அவள் வாயில் வந்த முதல் வசவு அது.