சகலை வைத்த விலைப்பலகை

நாகல் நகரில் என் சகலை மருந்துக்கடை திறந்த அன்று, வாசலில் ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்தார். சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று மக்கள் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளின் விலை இடப்பக்கம். அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது வலப்பக்கம். எதிர்வரிசையில் பதினைந்து வருடமாகக் கடை வைத்திருந்த நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே அதைப் படித்தேன். அந்த விலைகள் எனக்கும் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். நான் மூத்தவன். அவர் வரும்வரை மாமனார் வீட்டில் மருந்தென்றால் என்னைத்தான் கேட்பார்கள். கடை திறந்த மறுவாரம் மாமனாரே சேவுகம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, என் கடையைத் தாண்டி அங்கே போய் நின்றார். "சின்ன மாப்பிள்ளை எம்புட்டு வெவரமாச் சொல்றாரு!" என்று திரும்பும்போது என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். வியாபாரம் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னிடம் சீட்டை நீட்டிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள், அவரிடம் வீட்டுக்கதை பேசிச் சிரித்தார்கள். அதுதான் என்னை அரித்தது.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு மனு எழுதினேன். டாக்டர் எழுதியதை மாற்றி மலிவான மாத்திரையைக் கொடுக்கிறார் என்பது என் புகார். பொய் என்று எனக்குத் தெரியும். "டாக்டர்ட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று அவர் ஆட்களைத் திருப்பி அனுப்புவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காலை முழுக்க பில்களையும் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குற்றம் ஒன்றும் அகப்படாமல் கிளம்பினார். சற்று நேரத்தில் சகலை தெருவைக் கடந்து என் கடைக்குள் நுழைந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"அண்ணே, நாளைக்கு இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் சோதன போடுவாகளாம். தேதி போன மாத்திரை இருந்தா இப்பவே ஒதுக்கிருவோம்."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவி, அட்டைகளின் பின்புறத்தைப் படித்தார். தேதி தாண்டியவை இத்தனை கிடப்பது எனக்கே தெரியாது. ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்த மனுவப் போட்டது நாந்தான், தம்பி."

"தெரியும்ணே. இன்ஸ்பெக்டர் படிக்கக் குடுத்தாரு. ஒங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

"பெறகு எதுக்கு வந்தீக?"

கையிலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இத யாராச்சும் வாங்கித் தின்னுட்டா என்னண்ணே பண்றது?"

இப்போது நானும் விலையைச் சொல்லித்தான் விற்கிறேன். என் கடையிலும் ஆட்கள் நின்று பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி பதினைந்து வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என் கடைத் தரையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவருக்குத் தோன்றியது. அந்தப் பொறாமை மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.