கிளிட்டஸுக்கு ஒரு கிண்ணம் கோதுமை

சுகிர்தராணிக்குச் சமையலில் கைவராதது எதுவும் கிடையாது. முட்டத்துக் கடற்கரையில் பிறந்து, வளைகுடாவில் மனாமா நகரத்தில் ஒரு கிரேக்க வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவள், திராட்சை இலையில் சோறு சுருட்டவும், கோழிச் சாற்றில் முட்டையும் எலுமிச்சையும் திரியாமல் கலக்கவும் ஒரே வருஷத்தில் படித்துக்கொண்டாள். வீட்டுக்காரி தெஸ்பினா மேடம் வாய்விட்டுப் பாராட்ட மாட்டாள். தட்டை வழித்துத் தின்பாள். அது போதாதா?

2008 நவம்பரில் அவள் புருஷன் கிளிட்டஸ் போன விசைப்படகு கரை திரும்பவில்லை. ஆளும் இல்லை, உடலும் இல்லை. லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்றாள் மாமியார். சுகிர்தராணியும் அதையே பிடித்துக்கொண்டாள். மேடம் லீவு கொடுத்தும் ஊருக்குப் போகவில்லை. போனால் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஊர் கூடி அழுதுவிட்டால் அப்புறம் அவன் எங்கே வருவது?

பிப்ரவரியில், கிரேக்கர்களின் தவக்காலம் நெருங்கும்போது, மேடம் கோதுமையை அவித்துத் துணியில் பரப்பி உலர்த்தச் சொன்னாள். அதில் மாதுளை முத்து, உலர்திராட்சை, பட்டைப்பொடி எல்லாம் கலந்து, மேலே பொடித்த சீனியை வெள்ளை வெளேரென்று மூடி, பாதாம்பருப்பால் ஒரு சிலுவை வைத்தாள். கோவிலுக்கு என்றாள். கோலிவா என்று பெயராம்.

இவ்வளவு இனிப்பும் சிலுவையும் இருந்தால் அது நேர்ச்சை இல்லாமல் வேறென்ன? முட்டத்தில் சாவுக்குச் சீனி தூவுகிறவர் யார்? அந்தோனியாருக்கு நேர்ந்து ஊருக்குக் கொடுக்கிற மாதிரிதான் என்று நினைத்த சுகிர்தராணி, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் தனியாக எடுத்து, திராட்சையால் சிலுவை வைத்து, கண்ணை மூடி வேண்டினாள்.

"அது யாருக்கு, ராணி?" என்று மேடம் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என் கிளிட்டஸுக்கு, மேடம்."

படகு வராத சேதி மேடத்துக்கும் தெரியும். கண் நிறைந்து, இவளைக் கட்டிக்கொண்டாள். "நல்ல காரியம் செய்தாய். அவர் பெயரையும் கொடுக்கிறேன். பாதிரியார் வாசிப்பார்."

சுகிர்தராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய இடத்துச் செபம் அல்லவா?

சனிக்கிழமை, வேறொரு சபையிடம் இரவல் வாங்கிய மண்டபத்தில் பூசை நடந்தது. பாதிரியார் வரிசையாகப் பெயர்களை வாசித்தார். ஊர்க் கிளார்க்குகள் ஆளுக்கொரு விதமாக எழுதிக் கெடுத்த பெயரை அவர் தடங்கலே இல்லாமல் சொன்னார். கிளிட்டஸ் என்பது கிரேக்கர்கள் ஊரிலிருந்து வந்த பெயர்தானே! சுகிர்தராணி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு கோதுமையைப் பங்கு வைத்தார்கள். ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். சுற்றி நின்றவர்கள் தின்றபடியே எதையோ முணுமுணுத்தார்கள்.

"என்ன சொல்கிறார்கள், மேடம்?"

"கடவுள் அவர்களை மன்னிப்பாராக என்று. இறந்தவர்களுக்கு வேறென்ன சொல்ல முடியும்?"

வாய் நிறையக் கோதுமை. விழுங்க முடியவில்லை. மந்திரித்ததைத் துப்பவும் மனம் வரவில்லை. பாவி, தன் கையாலேயே அவித்து, தன் வாயாலேயே பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"மேடம், அவர் சாகவில்லை!"

மேடம் அவள் கையைத் தடவினாள். சுகிர்தராணி பாதிரியாரிடம் ஓடினாள். வாசித்ததைத் திரும்ப எடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கெஞ்சினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

மறுநாள் மனாமாவின் குதைபியாப் பகுதியில் ஒரு போன் கடையிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லிவிடத்தான் போனாள்.

"மக்ளே, அவனுக்காவ வல்ல நேர்ச்சையும் செஞ்சியா?"

"செஞ்சேன், மாமி."

"கோவில்ல அவன் பேரச் சொன்னாவளா?"

"சாமியாரே சொன்னாரு."

"அப்பம் வந்துருவான், பாத்துக்கோ. எனக்க மனசு சொல்லுது. அடுத்த வாரமும் சொல்லச் சொல்லு, மக்ளே."

"சொல்லச் சொல்லுகேன், மாமி" என்றாள் சுகிர்தராணி.