அப்பன் மீன்

மீன்தொட்டியின் மேல் இன்று காலை வெள்ளை நுரை திரண்டிருந்தது. ஃபைட்டர் ஆண் மீன் குமிழி ஊதிக் கட்டிய கூடு, உள்ளே முட்டைகள். தண்ணீரில் ஊறிய வாதாம் இலையின் துவர்ப்பு வாசம் மூக்கில் ஏறியதும், நினைவில் சிறுவயது நாகர்கோவில் வீட்டு முன்னறைக்கே போய்விட்டேன்.

அங்கே அப்பாவுக்கு மீன் பித்து. அம்மாவோ, கப்பி மீன் தன் குஞ்சையே விழுங்கியதைப் பார்த்த நாளிலிருந்து எந்த மீனையும் நம்பமாட்டாள்.

ஒருநாள் வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அம்மா மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரையிலிருந்து உதிர்ந்த முட்டைகளை ஆண் மீன் வாயில் கவ்வியது.

"அய்யோ, பெத்த பிள்ளையளத் திங்கானே!"

அலறிய வேகத்தில், சுக்குக் காப்பி கோர வைத்திருந்த அகப்பையால் மீனை அள்ளித் தண்ணீர்ச் செம்பில் போட்டுவிட்டாள்.

ஜெபம் நடத்திய உபதேசியார் கண்ணைத் திறக்காமலே, "இந்த மீனுக்கும் நல்ல புத்தி தாரும் ஆண்டவரே" என்றார்.

"ஏட்டி, அவன் திங்கல! விழுந்த முட்டைய எடுத்துக் கூட்டுல வைக்கான். அவன் இல்லேன்னா ஒண்ணும் பொரியாது!" என்று அப்பா பதறினார்.

அழாத குறையாக மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டார். அது சற்றுத் திகைத்து நின்றது. பிறகு அடியில் கிடந்த முட்டைகளைப் பொறுக்கி நுரையில் ஒட்டத் தொடங்கியது. சபையே தொட்டியைச் சுற்றி நின்றது. காப்பி ஆறிப்போனது.

இப்போது என் கணவர் வலையோடு ஓடிவருகிறார். "அத்தே, முட்டையத் திங்குது!"

சோபாவில் இருந்தபடியே அம்மா அதட்டுகிறாள்:

"வலைய வச்சிட்டு, கண்ண மூடி ஜெபம் பண்ணுங்க மருமவனே. அவன் பிள்ளைய அவன் பாத்துக்கிடுவான்."