அம்மா ஏறிய கரித்தட்டு

ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்து நீட்டிச் சுழற்றினால் ‘தூக்கு’ என்று அர்த்தம். தரையைப் பார்த்துச் சுழற்றினால் ‘இறக்கு’. எங்கள் ராயபுரத்து வீட்டில் ‘அ, ஆ’ படிப்பதற்கு முன்பே எனக்கு இது தெரியும். நைனாவுக்குத் துறைமுகத்தில் அதுதான் வேலை. கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடியறை தெரியாது. அதன் வாயோரம் நின்று நைனா விரலால் சொல்வதுதான் அவருக்குக் கண். அம்மா அதே துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்தவள். அவள் வாயைத் திறந்தால் கிரேன் சத்தம் அடங்கிவிடும் என்று நைனா கிண்டல் செய்வார்.

அந்த இரண்டு பேரின் உழைப்பில்தான் நான் சுரங்கப் பொறியியல் படித்தேன். படித்து முடித்தவனுக்கு இங்கே வேலை அகப்படவில்லை. போன இடமெல்லாம் சிபாரிசு கேட்டார்கள். எனக்கோ காசிமேட்டு மீன்களைத் தவிர வேறு யாரையும் தெரியாது. சட்டைக் காலர் நைந்துபோகும் வரை அலைந்தேன். கடைசியில், மலேயாவில் வெள்ளீயச் சுரங்கம் ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்திருந்த துரையை ஒரு ஓட்டலில் போய்ப் பார்த்தேன். இருட்டென்றால் பயமா என்று கேட்டார். கரிக்கப்பலைப் பார்த்து வளர்ந்தவன் என்றேன். சிரித்துக்கொண்டே வேலை கொடுத்தார்.

அம்மா போகக் கூடாது என்றுவிட்டாள். கடலுக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்து, கப்பல் எவ்வளவு பத்திரமானது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

“கடலு இன்னாடா கடலு? உங்க தாத்தா பொழுதுக்கும் வலையோட அதுலதான் கெடந்தாரு. மண்ணுக்குள்ள பூந்தவன் எவன்டா வெளிய வந்துகீறான்? நீ அடில இருக்க சொல்ல, மேல நின்னு கை காட்ட அங்க யாரு கீறாங்க?”

அங்கும் ஒரு ஆள் மேலே நின்று கூண்டை இறக்கி ஏற்றுவார் என்றேன். நம்பவில்லை. அவள் சரி சொல்லாமல் நான் போகப் போவதில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். கப்பல் புறப்படும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் நைனாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். நாலு மூலையிலும் சங்கிலி போட்டுக் கிரேன் கொக்கியில் மாட்டிய பலகைக் கரித்தட்டு, காலியாகக் கரையில் கிடந்தது. அம்மா கூடையைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று போய் அந்தத் தட்டில் உட்கார்ந்தாள்.

“யோவ், என்னிய உள்ள இறக்கு. அப்பால தூக்கு. பாக்கலாம்.”

“இன்னாமே பேஜாரு பண்ற? மேஸ்திரி பாத்தா வேல பூடும்!” கப்பலின் மேலிருந்து நைனா கத்தினார்.

“மேஸ்திரி துன்னப் போய்ட்டாரு. நீ கைய காட்டு.”

நைனா விரலைச் சுழற்றினார். தட்டு எழும்பியது. அம்மா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, “சேசுவே, மாதாவே” என்றபடி அடியறையின் இருட்டுக்குள் இறங்கினாள். வாழ்நாளெல்லாம் கரியை ஏற்றி இறக்கிய நைனா அன்று தரையைப் பார்த்தும், பிறகு வானத்தைப் பார்த்தும் விரலை மெல்ல மெல்லச் சுழற்றினார்.

மேலே வந்தபோது முகமெல்லாம் கரி. பல் மட்டும்தான் தெரிந்தது.

“அங்கேந்து பாத்தா வானம் துளியூண்டு தெரியுது. அதுல உங்க நைனா கை தெரிஞ்சிது. போதும்டா. அந்தக் கை காட்ற ஆளாண்ட தோஸ்து புடிச்சிக்கோ. போய்ட்டு வா.”

கப்பல் நகர்ந்தபோது கரையில் எல்லோரும் கைக்குட்டை ஆட்டினார்கள். அம்மா மட்டும் விரலை மேலே நீட்டிச் சுழற்றிக்கொண்டே நின்றாள். மலேயாவில் நான் முதலில் போய்ப் பார்த்தது மேலதிகாரியை அல்ல, கூண்டை இயக்குகிறவரைத்தான். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது துறைமுகத்தில் யாரும் விரல் காட்டுவதாகத் தெரியவில்லை. நைனா முதலில் போனார். அம்மா போனபோது நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன், அந்த மட்டில் கொடுத்து வைத்தவன். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர் கயிறு பிடித்து அவளை இறக்கினார்கள். பெட்டி தரை தொட்டதும் கயிற்றை உருவிக்கொண்டார்கள். குழியின் வாயோரம் நின்றிருந்த என் வலது கை தானாக உயர்ந்தது. ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டே இருந்தது. என் மகன்தான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.